அகலக்கால் வைக்கும் கார்கள்

முன்னால் ஒல்லி, பின்னால் அகலம். தில்லியின் வேகக் கார்களைப் பிடித்திருக்கும் மோகம் இது. பின் டயரைத் தேர்ந்தெடுப்பது கண்ணின் வேலையா, கணக்கின் வேலையா?

தில்லி கரோல்பாகின் நாய்வாலா சந்துகளில் சனிக்கிழமை மாலை நடந்து போவது சிரமம். சீட் கவர்களும் ஸ்பீக்கர் பெட்டிகளும் பாதி நடைபாதையை எடுத்துக்கொண்டிருக்கின்றன. கடை முகப்புகளில் வளையல் கடையைப் போல அலாய் வீல்கள் வரிசையாகத் தொங்குகின்றன. தெருவோரம் ஜாக்கி போட்டு நிறுத்திய காரின் பின்புறம் நாலு பேர் குந்தி உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய சக்கரம் கழற்றப்பட்டுத் தரையில் கிடக்கிறது. அதைவிட மூன்று விரல் அகலமான புதியது ஏறுகிறது. சொந்தக்காரர் நாலடி பின்னால் போய் நின்று பார்க்கிறார். சக்கரத்துக்கு மேலிருந்த வெற்றிடம் நிறைந்துவிட்டது. அவர் முகமும் நிறைந்துவிட்டது. பணம் கைமாறுகிறது.

எந்த நாளும் காணக்கூடிய காட்சி. இதில் ஒரு விசேஷம் உண்டு. டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் எண்களைப் பெரும்பாலும் யாரும் வாசிப்பதில்லை. வாங்குகிறவர் பார்ப்பது அகலத்தை. விற்கிறவர் பார்ப்பது வாங்குகிறவரின் கண்ணை. மணிக்கு 200 கிலோமீட்டரைச் சுலபமாகத் தாண்டக்கூடிய ஒரு வாகனம் பூமியோடு வைத்திருக்கும் ஒரே தொடர்பு இந்த நான்கு ரப்பர் வளையங்கள்தாம். அவற்றில் இரண்டை வேட்டிக் கரை பார்ப்பது போல எடுத்துவிடுகிறார்கள்.

தில்லியில் இந்த மோகத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. பணம் இருக்கிறது. அகலமான சாலைகள் இருக்கின்றன. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா திசையில் 165 கிலோமீட்டர் நீளும் யமுனா எக்ஸ்பிரஸ்வே 2012இல் திறக்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன், 2011 அக்டோபர் 30 அன்று, கிரேட்டர் நொய்டாவின் புத் சர்வதேசப் பந்தயத் தடத்தில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. கோவைக்காரரான நாராயண் கார்த்திகேயன் அன்று சொந்த மண்ணில் ஓட்டி 17ஆவதாக வந்தார். அந்தக் கார்களின் முன் டயர் 245 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 325. கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தப் பின்பக்கம் மறக்காது. ஆனால் அந்த அகலம் எதற்கென்ற கேள்வி அத்தனை பேருக்கும் எழவில்லை.

பின்னால் ஏன் அகலம்?

அம்பாசடரையும் பிரீமியர் பத்மினியையும் ஓட்டிய தலைமுறைக்கு இந்தக் கேள்வியே கிடையாது. இரண்டிலும் எஞ்ஜின் முன்னால், ஓட்டம் பின் சக்கரங்களுக்கு. ஆனாலும் நான்கு டயர்களும் ஒரே அளவுதான். அம்பாசடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14. டிக்கியில் கிடந்த ஸ்டெப்னி எந்தச் சக்கரத்துக்கும் பொருந்தும். ஐம்பதை ஒட்டிய குதிரைத்திறனுக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

திறன் கூடும்போதுதான் சங்கதி மாறுகிறது. பேருந்து சட்டென்று கிளம்பினால் நிற்கிற பயணிகள் பின்னால் சாய்வார்கள். காருக்கும் அதே கதி. 1,700 கிலோ எடையுள்ள ஒரு கார் 5 விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.85 மீட்டரும் இருந்தால், அந்த ஐந்து விநாடிகளில் ஏறக்குறைய 170 கிலோ பாரம் முன் சக்கரங்களிலிருந்து பின் சக்கரங்களுக்கு இடம் மாறும். எஞ்ஜினின் முறுக்கும் அங்கேயே போய்ச் சேருகிற கார் என்றால், இரண்டையும் தாங்க பின் டயருக்குக் கூடுதல் ரப்பர் வேண்டும். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் உயிரோடு சம்பந்தப்பட்டது. திருப்பத்தில் முன் சக்கரம் முதலில் பிடிப்பை இழந்தால் கார் நினைத்ததைவிட அகலமாகத் திரும்பும். ஓட்டுபவர் காலை எடுத்தால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். பின் சக்கரம் முதலில் பிடிப்பை இழந்தால் வால் சுழன்று முன்னால் வரும். அதைச் சமாளிக்கத் தேர்ந்த கை வேண்டும், இடமும் வேண்டும். பின் டயருக்கு அகலம் கூட்டுவது வாலை அடக்கி வைக்கும் ஏற்பாடு.

இதற்கு நல்ல உதாரணம் ஜெர்மனியின் போர்ஷே 911. எஞ்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற கார் அது. 1975இல் 260 குதிரைத்திறனோடு வந்த 911 டர்போவுக்கு முன்னால் 185, பின்னால் 215 மில்லிமீட்டர் டயர் போட்டார்கள். அது போதவில்லை என்பதைத் திருப்பத்தின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவர்கள் கண்டுகொண்டார்கள். ‘விதவையாக்கும் கார்’ என்ற பட்டப் பெயரே அதற்கு வந்தது. 2020இல் 650 குதிரைகளோடு வந்த 911 டர்போ எஸ்ஸின் முன் டயர் 255, பின் டயர் 315. இடையில் கடந்தது நாற்பத்தைந்து ஆண்டுகள். பொறியாளர்கள் கணக்குப் போட்டுச் சேர்த்த அகலம் அது.

நம் ஊர்க் கணக்கையும் பார்க்கலாம். செங்கல்பட்டை அடுத்த மகேந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை 2007 முதல் இயங்குகிறது. 2021 முதல் அங்கே பூட்டப்பட்டு வரும் எம்340ஐ காரின் திறன் 374 குதிரைகள். அதற்கு முன் டயர் 225, பின் டயர் 255. அத்தனை திறனுக்கும் நிறுவனம் கொடுத்த வித்தியாசம் 30 மில்லிமீட்டர்தான், ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவு. மகேந்திரா நிறுவனம் 2024 நவம்பரில் அறிமுகம் செய்த பி.இ. 6 மின்சாரக் கார் இன்னும் சுவாரஸ்யமானது. மோட்டார் பின்னால், ஓட்டம் பின் சக்கரங்களுக்கு, திறன் 280 குதிரைகளுக்கும் மேல். ஆனால் நான்கு டயர்களும் ஒரே அளவு!

இந்தியாவில் ஓடும் மற்ற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்ஜினின் இழுப்பு முன் சக்கரங்களுக்கே போகிறது. பின் சக்கரங்கள் கூடவே உருண்டு வருகின்றன, அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் எஞ்ஜினின் நிரலை மாற்றித் திறனைக் கூட்டிக்கொண்ட முன்சக்கர ஓட்டக் கார்களுக்கும் பின்னால் மட்டும் அகல டயர் போடுகிறவர்கள் உண்டு. முறுக்கைத் தாங்கித் திணறுவது முன் டயர். செலவு செய்தது பின் டயருக்கு. தலைவலிக்குக் காலில் பற்றுப் போட்ட கதை.

கையகல உறவு

அகலமான டயர் என்றால் தரையில் அதிக இடத்தைப் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் பார்த்தால் அது அவ்வளவு நேரானதல்ல என்பது தெரியும்.

டயருக்குள் இருக்கும் காற்றுதான் காரைச் சுமக்கிறது. 1,700 கிலோ கார் என்றால் ஒரு சக்கரத்துக்கு 425 கிலோ. காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.3 கிலோ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 185 சதுர சென்டிமீட்டர். விரல்களைச் சேர்த்து வைத்த ஒரு கையின் அளவு. டயர் அகலமானாலும் இந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை, வடிவம்தான் மாறுகிறது. ஒல்லி டயரில் நீளவாக்கில் படியும் பரப்பு, அகல டயரில் குறுக்குவாக்கில் படிகிறது.

அப்படியானால் அகலத்தால் பயனே இல்லையா? இருக்கிறது. குறுக்கே படிந்த பரப்பு திருப்பத்தில் விறைப்பாக நின்று ஸ்டியரிங்குக்கு உடனே கட்டுப்படும். அதைவிட முக்கியமானது, உராய்வின் சூடும் தேய்மானமும் அதிக ரப்பரில் பரவுகின்றன. அதனால் தயாரிப்பாளர் மென்மையான ரப்பர்க் கலவையைத் துணிந்து பயன்படுத்த முடிகிறது. பிடிப்பைத் தருவதில் பெரும்பங்கு அந்த மென்மைக்குத்தான். அகலம் அதற்கு இடம் கொடுக்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அகலம் இருந்து, ரப்பர் கல்லாக இருந்தால் கிடைப்பது தோற்றம் மட்டுமே. மலிவான 285 டயரைவிடத் தரமான 255 டயர் சீக்கிரமாக நிறுத்தும், ஈரத்தில் இறுகப் பிடிக்கும். அமெரிக்க விதிப்படி பல டயர்களின் பக்கச் சுவரில் ‘டிரெட்வேர்’ என்று ஓர் எண் இருக்கும். 200 என்றால் மென்மை, சீக்கிரம் தேயும். 400, 500 என்றால் கடினம், நீண்ட நாள் உழைக்கும். பக்கத்திலேயே ‘டிராக்‌ஷன்’ என்று ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் திறனுக்கான தரம் இருக்கும். ஏஏ உயர்ந்தது, அடுத்து ஏ, பி, சி. அகலத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

எண்களின் இலக்கணம்

255/40 ஆர்18 95ஒய். பின் டயர் ஒன்றின் பக்கச் சுவரில் இப்படி இருக்கிறது என்றால், 255 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 40 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 18 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 95 என்பது பாரத்துக்கான குறியீடு, ஒரு டயர் 690 கிலோ தாங்கும். ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். டபிள்யூ என்றால் 270, வி என்றால் 240, எச் என்றால் 210.

வெண்பாவில் ஒரு சீரை மாற்றினால் தளை தட்டும். இங்கேயும் அப்படித்தான். ஓர் எண்ணைத் தொட்டால் மற்ற எண்களையும் சரிசெய்தாக வேண்டும்.

எம்340ஐ காரையே எடுத்துக்கொள்வோம். 18 அங்குல ரிம்முக்கு முன் டயர் 225/45, பின் டயர் 255/40. பின்னால் அகலம் கூடியபோது சதவீதம் 45இலிருந்து 40க்கு இறங்கியிருப்பதைக் கவனியுங்கள். காரணம், முழு விட்டம். முன் டயரின் மொத்த விட்டம் 659.7 மில்லிமீட்டர். பின் டயரின் விட்டம் 661.2. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். நான்கு சக்கரங்களுக்கும் ஓட்டம் போகிற கார் அது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் உருள வேண்டும். வித்தியாசம் பெரிதானால் இரண்டு அச்சுகளுக்கும் முறுக்கைப் பிரித்துக் கொடுக்கும் கியர்ப் பெட்டி நேர்ச்சாலையிலும் ஓயாமல் தேயும். அதைச் சரிசெய்யும் செலவில் டயர்களை இரண்டு மூன்று முறை மாற்றிவிடலாம்.

இதே காருக்கு 19 அங்குல ரிம் போடும்போது அகலத்தை மட்டும் பார்த்து, சதவீதத்தை 40ஆகவே விட்டு, 255/40 ஆர்19 வாங்கினால் என்ன ஆகும்? விட்டம் 686.6 மில்லிமீட்டர் ஆகிவிடும். இருக்க வேண்டியதைவிட இரண்டரை சென்டிமீட்டர் அதிகம். ஃபெண்டரில் உரசும். ஏ.பி.எஸ். பிரேக்குக்கும் வழுக்கலைத் தடுக்கும் மின்னணு ஏற்பாட்டுக்கும் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு கதை சொல்லும். வழுக்காத சக்கரம் வழுக்குவதாக அவை நினைத்துக்கொள்ளும், வழுக்கும்போது தாமதமாக விழித்துக்கொள்ளும். சரியான அளவு 255/35. ஓர் எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது.

ரிம்முக்கும் அகலம் உண்டு. 225/45 ஆர்18 டயர் 7 முதல் 8.5 அங்குல அகலமுள்ள ரிம்மில் உட்காரும். 255/40 ஆர்18க்கு 8.5 முதல் 10 அங்குலம் வேண்டும். பழைய ரிம்மிலேயே அகல டயரைத் திணித்தால் அது காளான் மாதிரி பிதுங்கி நிற்கும். தரையில் முழு அகலமும் படியாது. வாங்கிய அகலத்தின் பயன் சாலைக்குப் போய்ச் சேராது.

வெயில், மழை, குழி

டயர் விளம்பரங்களின் மலைச்சாலை வேறு, தில்லி வேறு. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021 ஜனவரி முதல் தேதி 1.1 டிகிரி பதிவாயிற்று. 2024 மே மாதக் கடைசியில் அதே இடத்தில் வெப்பம் 46 டிகிரியைத் தாண்டியது. 46 டிகிரி வெயிலில் 33 பி.எஸ்.ஐ. காற்று அடித்துவிட்டு அப்படியே மறந்துவிட்டால், பனிக்காலத்தின் 2 டிகிரிக் காலையில் அது 26 ஆகச் சுருங்கியிருக்கும். குளிரில் 33 அடித்தது கோடையில் 40ஐத் தொடும். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு மணி நேரம் வேகமாகப் போனால் அந்தச் சூடுதான் டயரை வெடிக்க வைக்கிறது. யமுனா எக்ஸ்பிரஸ்வேயின் கான்கிரீட் பரப்பில் டயர் வெடித்த விபத்துகள் பலமுறை செய்தியாகியிருக்கின்றன. பெட்ரோல் பங்க்குகளில் நைட்ரஜன் அடித்துக்கொண்டால் இந்தக் கவலை இல்லை என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வெயிலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் விரியும். மாதம் இருமுறை, டயர் ஆறியிருக்கும்போது அளந்து பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

அடுத்தது மழை. 2024 ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் 228.1 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மின்டோ பாலத்தடி வழக்கம் போல ஏரியானது. மூழ்குகிற தண்ணீரைவிட மூன்று மில்லிமீட்டர் தண்ணீர் அபாயமானது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில், மூன்று மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் சாலையில், 225 டயர் விநாடிக்கு 13 லிட்டர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். 295 டயர் என்றால் 17 லிட்டர். ஒதுக்க முடியாதபோது டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். அந்தக் கணத்தில் ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. டயர் அகலமாக அகலமாக, பட்டன் தேயத் தேய, குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். பள்ளங்களுக்குள் ஆங்காங்கே இருக்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் தேய்மானத்தின் எல்லையைக் காட்டுகின்றன. அகல டயர்க்காரர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது. மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததுமே, பருவமழைக்கு முன், மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது எதிரி குழி. மாருதி ஸ்விஃப்டில் வந்த 165/80 ஆர்14 டயரின் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர் உயரம். 255/35 டயரில் அது 89 மில்லிமீட்டர்தான். குழியில் விழும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டிய ரப்பர் அங்கே இல்லை. ரிம் வளையும், இல்லையென்றால் பக்கச் சுவரில் நூல் அறுந்து கொப்புளம் கிளம்பும். கொப்புளம் கிளம்பிய டயருக்கு வைத்தியம் இல்லை, அன்றே கழற்ற வேண்டும். ஸ்டெப்னி எடுக்கலாம் என்றால் அதிலும் சிக்கல். முன்னும் பின்னும் வேறு அளவு கொண்ட காருக்கு எந்த அளவில் ஸ்டெப்னி வைப்பது? காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால் ட்யூப் இல்லாத டயர் கொண்ட கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 ஜூலையில் விதி திருத்தப்பட்டது. சட்டத்தின் தொல்லை விட்டது. பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் சாதனம் உதவாது என்பது மட்டும் மாறவில்லை.

கிடைக்காத அளவு

வேகக் கார்க்காரர்களின் உண்மையான மனக்குறை வேறு. சரியான அளவு எளிதில் கிடைப்பதில்லை. 2020 ஜூன் 12 அன்று மத்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. உள்நாட்டுத் தொழிலுக்கு இது கவசம். சாதாரணக் கார்களுக்குச் சிரமம் இல்லை. 1946இல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட ஜே.கே. டயர், அடுத்துள்ள குருகிராமின் அப்போலோ என்று நமக்கு வேண்டியதைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையைச் சுற்றியே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்கண்டிகை என்று டயர் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் 315/30 ஆர்21 போன்ற அளவுகளுக்கு இங்கே வாங்குவோர் குறைவு. குறைவாக விற்கும் அளவுக்கு அச்சு வார்ப்பதில் ஆலைகளுக்கு ஆர்வமில்லை.

விளைவு, கையில் கிடைத்ததைப் போட்டுக்கொள்வது. பின்னால் ஒரு கம்பெனி, முன்னால் வேறு கம்பெனி. ஒன்று மென்மை, மற்றது கடினம். இன்னும் மோசம், பல ஆண்டு கிடங்கில் கிடந்து இறுகிப்போன ‘புத்தம் புதிய’ டயர். ரப்பருக்கும் வயது உண்டு. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அந்த எண் காரின் உட்பக்கம் மறைந்திருந்தால் மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். தேய்ந்த டயரில் பள்ளத்தை மீண்டும் வெட்டிக் கறுப்பு பூசி விற்கும் கலையும் நாட்டில் உண்டு. வேகக் காருக்கு அந்த டயர் தற்கொலை.

சட்டம் பார்க்கும் பார்வை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இந்தப் பிரிவைக் கறாராக வாசித்து, தளர்வாகத் தீர்ப்புச் சொன்ன கேரள உயர் நீதிமன்றத்தைத் திருத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்தது.

நிறுவனம் தன் கையேட்டில் அனுமதித்த அளவுகளுக்குள் மாறிக்கொள்வதற்கும், ஃபெண்டரின் விளிம்பைச் சம்மட்டியால் அடித்து மடக்கி, டயரை உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஓடுவதற்கும் தூரம் அதிகம். இரண்டாவது வகைக் காரை ஓரங்கட்டினால் போலீஸ்காரரைக் குறை சொல்ல முடியாது. விபத்து நடந்தால் முதலில் மாற்றங்களைத் தேடுவது காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர். அவருக்கு அகல டயர் வெகுதூரத்திலிருந்தே தெரியும்.

டயரின் தரத்தைப் பற்றியும் அரசு விழித்துக்கொண்டிருக்கிறது. உருளும் தடை, ஈரப் பிடிப்பு, ஓசை என்ற மூன்றுக்கும் எல்லைகள் வகுத்து 2022 ஜூனில் அறிவிக்கை வந்தது. ஈரத்தில் பிடிக்காத டயரை ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு மட்டும் விற்றுவிடும் காலம் அதோடு முடிய வேண்டும் என்பது நோக்கம்.

வாங்கும் முன்

• ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரையும் கையேட்டையும் படியுங்கள். பின் டயருக்கு அனுமதித்த அளவுகள் அங்கே இருக்கும். அதைத் தாண்ட வேண்டாம்.

• பாரக் குறியீடும் வேக எழுத்தும் பழைய டயரைவிடக் குறையக் கூடாது.

• மொத்த விட்டத்தைக் கணக்கிடுங்கள்: அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கி, அதை இரட்டித்து, ரிம்மின் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். நான்கு சக்கர ஓட்டக் காரில் முன்னும் பின்னும் சில மில்லிமீட்டருக்குமேல் வேறுபடக் கூடாது.

• நான்கும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். முடியாவிட்டால் ஓர் அச்சின் இரண்டுமாவது ஒன்றாக இருக்கட்டும்.

• நான்கும் ஒரே அளவான சாதாரணக் காரில் இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடுங்கள், முன்சக்கர ஓட்டக் காராக இருந்தாலும். மழையில் வால் சுழலாமல் காப்பது அதுதான்.

• அகலம் வேறுபட்ட டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய முடியாது. பின் டயர் சீக்கிரம் தேயும். அந்தச் செலவையும் முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள்.

நாட்டில் 2022ஆம் ஆண்டு மட்டும் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். அரசின் கணக்குப்படி அதில் பெரும்பகுதிக்குக் காரணம் அதிவேகம். தில்லிப் போக்குவரத்துப் போலீசார் 2021இல் திருத்திய பட்டியல்படி நகரின் பெரிய சாலைகளில்கூடக் கார்களுக்கு அதிகபட்ச வேகம் 60 அல்லது 70தான். குடியிருப்புகளிலும் கடைத்தெருக்களிலும் 30. ஒய் எழுத்து பொறித்த, 300 கிலோமீட்டர் தாங்கும் பின் டயருக்கு இந்த ஊரில் மீதமிருக்கும் வேலை ஒன்றுதான்: மழை பெய்த மாலையில், குழந்தை ஒன்று குறுக்கே ஓடி வரும்போது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது. அதற்கு எத்தனை அங்குல அகலம் என்று அந்தக் குழந்தை கேட்கப் போவதில்லை.